நெப்போலியன் வைத்த பாக்கி

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், 1,632 மீட்டர் உயரத்தில் பூர்-சான்-பியேர் என்றொரு ஊர். சனத்தொகை இருநூறு சொச்சம். ஒரு கல்யாணப் பந்திக்கே காணாது. ஊருக்கு மேலே 2,469 மீட்டரில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். அதைத் தாண்டினால் இத்தாலி. ஊரின் ஜாதகமே இந்தக் கணவாய்தான். படை திரட்டிப் புறப்படுகிறவனெல்லாம் இதன் வாசலை மிதித்துவிட்டுப் போவான். ரோமானியர் வந்து மைல்கல் நட்டார்கள். பத்தாம் நூற்றாண்டில் சாரசன்கள் வந்து இங்கிருந்த மடத்தை இடித்தார்கள். கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்ன பிரகஸ்பதி ஒருவர்தான்.

1800 மே மாதம். ஆஸ்திரியர்களை முதுகுப்புறமாகப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று சுமார் 40,000 பேரோடு வந்து சேர்ந்தார் நெப்போலியன் போனபார்ட். அப்போது பேரரசர் பட்டமெல்லாம் இல்லை, பிரான்ஸின் முதல் கான்சல். பீரங்கியைப் பனியில் எப்படி ஏற்றுவது? மரத்தை வெட்டிக் குடைந்து, குழலை அதற்குள் படுக்க வைத்து, கயிறு கட்டி ஆளைவிட்டு இழுத்தார்கள். மரம் ஊருடையது. கயிற்றைப் பிடித்தவர்களிலும் ஊரார் உண்டு. அடுக்களையிலிருந்து அண்டா குண்டாவும் போயிற்று. எல்லாவற்றுக்கும் பணம் வரும் என்று கான்சல் எழுதியே கொடுத்தார். அதை நம்பினார்கள் பாருங்கள்!

அவர் ஏறிப் போனது கோவேறு கழுதையில். கயிற்றைப் பிடித்து நடத்தியவர் இதே ஊர்க்காரர், பியேர் நிக்கோலா டோர்சாஸ். ஆனால் ஓவியர் டேவிட், முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் போனபார்ட்டை உட்காரவைத்துவிட்டார். கழுதைக்குத் தூரிகையில் இடமில்லை. சுமார் ஐம்பது வருடம் கழித்து, கழுதைமேலேயே அவரை வரைந்து நியாயம் செய்தவர் டெலரோஷ் என்ற ஓவியர்தான்.

ஜூன் 14 அன்று இத்தாலியின் மரெங்கோவில் அவருக்கு வெற்றி. ஊர் பில்லை நீட்டியது: 45 ஆயிரத்துச் சொச்சம் பிராங்க். வெட்டிய மரங்கள் மட்டுமே 2,000க்கு மேல். கொஞ்சம் தேறியது, மீதிக்கு ஊர் நடையாய் நடந்தது. கடன் வாங்கியவர் பேரரசரானார், தோற்றார், செயின்ட் ஹெலெனாவில் செத்தும் போனார். ஊர் மட்டும் சீட்டைக் கிழிக்கவில்லை.

1984இல், பிரெஞ்சு அதிபர் மித்தெரான் ஒருவழியாகக் கணக்கை முடித்தார். பணமாக அல்ல, ஒரு வெண்கல நினைவுத் தகடாக. உருக்கினால் ஒரு கரண்டி தேறும்.