வயதைக் குடிப்பவர்

பழைய பூயர் தேயிலையின் ரசிகசிகாமணியைக் குவாங்சோ நகரத்து ஃபாங்சுன் தேயிலைச் சந்தையில் பார்க்கலாம். ஹாங்காங்கிலும் தைப்பேயிலும் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் ஆள் ஒரே அச்சு. யுன்னான் மாகாணத்து இலையை ஆவியில் இளக்கி அழுத்திய 357 கிராம் வட்ட வில்லை ஒன்றை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். முதலில் காட்டுவது தேயிலையை அல்ல, உறைத்தாளில் பூச்சி அரித்த ஓட்டைகளை. அப்புறம் வில்லைக்குள் அழுந்திக் கிடக்கும் சின்ன முத்திரைச் சீட்டைக் கட்டைவிரலால் தடவிக் காட்டுவார். கூர்முனைக் கத்தியால் ஓரத்தைக் கிண்டி ஏழெட்டு கிராம் பெயர்த்து, மூடிபோட்ட சிறு கிண்ணத்தில் இட்டுக் கொதிநீர் ஊற்றுவார். முதல் நீரைக் கொட்டிவிட்டு மூடியை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “கற்பூர வாசம்!” என்பார். எதிரே இருப்பவரும் “ஆமாம், கற்பூரம்தான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். பிறகு வருவது அவருடைய ஒரே கேள்வி: “எத்தனை வருஷத்துச் சரக்கு தெரியுமா?” நன்றாயிருக்கிறதா என்று அவர் கேட்பதே இல்லை.

இவர் குடிப்பது தேநீரை அல்ல, வயதை என்பது என் கட்சி. அந்த வயதுக்கு என்ன அத்தாட்சி என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். சீன அரசு ஆலைகள் பல பத்தாண்டுகளாக உறையில் தயாரிப்புத் தேதி அச்சிட்டதே இல்லை. ஆகவே விற்றவர் ஒரு கணக்குச் சொல்ல, வாங்கியவர் அதை நம்பி, அடுத்தவரிடம் சொல்லும்போது இரண்டு வருஷம் கூட்ட, இப்படித்தான் வில்லைக்கு வயது ஏறுகிறது. மெங்ஹாய் ஆலையின் பேர்பெற்ற 7542-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 75 என்பது கலவையை வகுத்த ஆண்டு, 4 இலையின் தரம், 2 ஆலையின் எண். போன வருஷம் அழுத்திய வில்லைக்கும் இதே எண்தான். விருந்தாளி அதை 1975-இல் செய்த சரக்கு என்று நினைத்துக்கொண்டால் நம் ரசிகசிகாமணி திருத்தமாட்டார். தாமாக ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்ற திருப்தியோடு அடுத்த கோப்பையை ஊற்றுவார். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பழசான ருசிக்கு ஹாங்காங்கில் இருந்த கிராக்கியைப் பார்த்து, 1973-இல் குன்மிங் ஆலை ஒரு குறுக்குவழி கண்டது: இலையைக் குவித்து, நீர் தெளித்து, போர்த்தி, அவ்வப்போது கிளறி, ஒன்றரை இரண்டு மாதத்தில் பழுக்க வைப்பது. காத்திருக்க முடியாதவர்களுக்காகப் பிறந்த அந்தச் சரக்கில் எழுபதுகளின் மிச்சம் கிடைத்தால், இன்று அதையும் பட்டுத்துணியில் சுற்றிவைத்துக் காத்திருக்கிறார் இவர்.

அப்படியானால் வயதுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. குவித்துப் பழுக்க வைக்காத பச்சைப் பூயர் இளசில் கசக்கும், துவர்க்கும், வெறும் வயிற்றைப் பிறாண்டும். பதினைந்து இருபது வருஷம் போனால் சாறு செம்பழுப்பாகி, கசப்பு தணிந்து, விழுங்கிய பின் தொண்டையில் ஒரு தித்திப்பு ஊறும். ஆனால் காலண்டர் தாளைக் கிழித்து இதை வரவழைக்க முடியாது. இலை நல்லதாக இருக்கவேண்டும். காற்றும் ஈரமும் சூடும் அளவோடு சேரவேண்டும். ஒரே நாளில் அழுத்திய இரண்டு வில்லைகளில் ஒன்றை வறண்ட குன்மிங்கிலும் இன்னொன்றை ஈரம் மிகுந்த ஹாங்காங்கிலும் வைத்தால், இருபது வருஷம் கழித்து இரண்டும் வெவ்வேறு தேநீர். முன்னது இன்னும் முறுக்கோடு நிற்கும். பின்னது கனிந்திருக்கும், அல்லது பூசணம் பிடித்துப் போயிருக்கும். ஆகவே எங்கே இருந்தது என்று கேட்காமல் எத்தனை வருஷம் என்று கேட்பதில் பயனில்லை. பதரைக் குதிரில் போட்டு எத்தனை காலம் வைத்தாலும் நெல்லாகாது.

இவரைப் போன்றவர்கள் பத்திரப்படுத்தாவிட்டால் பழைய தேயிலை மிஞ்சியிருக்குமா என்பது அடுத்த வாதம். பாதி சரி. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளின் 7542-ஐ ஈரக் கிடங்கில் தள்ளாமல் உலர்வாகக் காத்த ஹாங்காங் வணிகர் ஒருவரால்தான் ‘88 பச்சை வில்லை’ என்ற பெயரே உண்டாயிற்று. ஆனால் அவர் விற்றார், ஜனங்கள் குடித்தார்கள், ருசியாயிருந்ததால் பெயர் வந்தது. நம் ஆளோ பெட்டியையே பிரிக்கமாட்டார். பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். 2007-இல் இப்படிப் பிரிக்காத பெட்டிகளே கைமாறிக் கைமாறி விலை தலைக்கேறியது. அதே ஆண்டில் தடாலென்று சரிந்தது. நஷ்டத்தை ஆற்றிக்கொள்ள ஒரு வில்லையையாவது குடித்துத் தீர்க்கலாமே என்றால், விலை திரும்ப ஏறட்டும் என்பார். அவர் காசு, அவர் நாக்கு, உமக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அவரைப் பார்த்துப் புதிதாக வருகிறவனும் வருஷத்தையே கேட்கிறான். கேட்ட வருஷத்தைத் தயாரித்துக் கொடுக்கப் போலிக்காரனுக்குப் பழைய பாணி உறையும், ஈரக் கிடங்கில் அவசரமாகக் கறுக்க வைத்த மட்ட இலையும் போதும்.

வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் வில்லையாக வாங்காமல் முதலில் இருபத்தைந்து கிராம் வாங்கிப் பாருங்கள். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். சாறு கலங்கலாக இருந்தாலோ, மூன்று நீர் மாற்றியும் பூசண வாடை போகாவிட்டாலோ அதோடு விட்டுவிடுங்கள். குடித்து முடித்ததும் சக்கையை விரலால் பிரித்துப் பாருங்கள். முறையாக வைத்த பச்சைப் பூயர் இலை மெத்தென்று விரியும், பாழானது கரியாய்ச் சுருண்டு விரியாமல் கிடக்கும். இவ்வளவும் தேறினால், கடைக்காரர் சொல்லும் வயதில் பத்தைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.