மலைக்குப் போற மகராசனுக்கு

ஏ பேராண்டி, சென்னையிலருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சங்கரன்கோவில் வந்து எறங்குனது தாத்தா மொகத்தப் பாக்கன்னு நெனச்சேன். மலை ஏறவாம்! நல்லது, ஏறு. முதுகு மூட்டையப் பாத்தா ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டிய சாமான் இருக்கும் போலயே. பூட்ஸ் மட்டும் பதினோராயிரம்ங்க. அந்தத் துட்டுக்கு எங்க காலத்துல ஒரு சோடி உழவுமாடு புடிச்சிருக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா கெழடு பொலம்புதும்ப. ஆனா வாசுதேவநல்லூருக்கு மேக்க தலையணைப் பக்கம் பளியர் இருக்காங்கல்லா, அவங்க தேன் எடுக்க பாறையில தொங்கும்போது காலுல என்ன கம்பெனி பூட்ஸ் போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் விசாரிச்சு வா. நானும் வாங்கணும்.

முதல்ல நம்ம மாடியில நின்னு மேக்க பாரு. நீலமா ஒரு கோடு நிக்கில்லா, அதான் மலை. அதுக்கும் நமக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. ஆனி ஆடியில கேரளாக்காரன் பக்கத்துல மழை கொட்டு கொட்டுன்னு கொட்டும். மலை அத்தனையும் அங்கயே நிறுத்திக்கிடும். செங்கோட்டைக் கணவாய் வழியா தப்பிச்சு வர்றது குத்தாலத்துக்குச் சாரல். அதுலயும் தப்பிச்சு நம்ம கரிசலுக்கு வர்றது வெறுங்காத்து. தண்ணி அவனுக்கு, சாரல் தென்காசிக்கு, நமக்குக் காத்தாடி! ஐப்பசி கார்த்தியல்ல பெய்யிற மழைய நம்பித்தான் இந்தக் கரிசல்காரன் வெதைக்கான். அப்படி நம்மள ஏமாத்துன மலைய நீ துட்டு குடுத்துப் பாக்கப் போற. பெரிய மனசுதான் ஒனக்கு.

எந்தப் பக்கம் ஏறப் போறன்னு கேட்டா ‘லொக்கேஷன் போட்டுக்கிடுவேன்’ங்க. வடக்க திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். 2021ல அறிவிச்சாங்க, நாட்டுலயே 51வது. தெக்க களக்காடு முண்டந்துறை, அது 1988லயே புலிக்காடு. நடுவுல நெல்லை வனவிலங்கு சரணாலயம். மேக்க எங்க திரும்புனாலும் ஒண்ணு புலி வீட்டு வாசல், இல்லாட்டா யானை வீட்டுப் பொறவாசல். நெனச்ச எடத்துல ஏறுனா வனத்துறைக்காரர் புடிச்சு அபராதம் போடுவாரு. அதுவும் நல்லதுதான், அந்த ரசீதையும் ஸ்டேட்டஸ்ல வைக்கலாம்.

முறையா ஏறணும்னா வழி இருக்குடே. 2024 அக்டோபர்ல சர்க்கார் ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. தமிழ்நாடு முழுக்க 40 பாதை. நம்ம தென்காசி மாவட்டத்துக்கு குத்தாலம் செண்பகாதேவி அருவி, தீர்த்தப்பாறைன்னு ரெண்டு. ஒன் போன்லயே பதிஞ்சுக்கிடலாம். எளிது, மிதம், கடினம்னு பிரிச்சு வச்சிருக்காங்க. நீ லிப்ட் இல்லாத வீட்டுக்குக் குடிபோவ மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னவன். ‘எளிது’ன்னு இருக்கதத் தொடு, போதும். கூட்டிட்டுப் போவ மலையடிவாரத்துப் பையனுவளுக்கே பயிற்சி குடுத்து வச்சிருக்காங்க. அந்தப் பையன் பேச்சக் கேளு. அவன்கிட்டப் போயி, ‘இந்த மேப்புல வேற மாதிரி இருக்கே ப்ரோ’ன்னு சொன்னீன்னா, அவன் மரியாதைக்காரன், ஒண்ணும் சொல்ல மாட்டான். ராத்திரி வீட்டுல போயிச் சிரிப்பான்.

இந்தக் கட்டுத்திட்டம் எல்லாம் சும்மா வரல்ல. 2018 மார்ச் 11ந் தேதி, மாசிக் கடைசி. தேனி குரங்கணியில, கொழுக்குமலைப் பக்கமிருந்து எறங்கி வந்த பிள்ளைய காஞ்ச புல்லுல பத்துன தீயில மாட்டிக்கிட்டாங்க. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. ஒன் வயசுப் பிள்ளைய தான். அதுக்குப் பொறவுதான் அனுமதி, பதிவு, வழிகாட்டின்னு விதி எழுதுனது. இப்பம் பிப்ரவரி 15லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பாதைய அடைச்சிருதாங்க. மாசியும் பங்குனியும்னு வச்சுக்கோ. இதுல தாத்தாவுக்கு நையாண்டி வரல்ல, அடுத்ததுக்குப் போவோம்.

செண்பகாதேவிக்கே போ. பேரருவிக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் மாதிரி வரும். நீ கீழ நின்னு குளிக்கியே, அந்தத் தண்ணி தேனருவியில விழுந்து, செண்பகாதேவியில விழுந்து, பொறவுதான் பேரருவிக்கு வருது. சித்தாறுன்னு பேரு. வழி நெடுக விழுந்து விழுந்து வந்தாலும் கடைசியில சீவலப்பேரியில தாமிரபரணியோட சேந்துரும். பேரருவியில அது நேரா நம்ம மண்டையில விழாது. எடையில பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளத்துல விழுந்து, அங்கன கோவத்தத் தணிச்சிக்கிட்டுத்தான் கீழ வரும். இல்லாட்டி சீசனுக்கு வர்ற அத்தன பேரு கழுத்தும் தோளுக்குள்ள போயிருக்கும்.

செண்பகாதேவியில அம்மன் கோயில் இருக்கு. சித்ரா பௌர்ணமிக்குச் சனம் போவும். அதுக்கும் மேல தேனருவி. அங்க உங்கள விட மாட்டாங்க, நீயும் கேக்காத. செங்குத்துப் பாறை, அதுல அடை அடையா மலைத்தேன். அந்தப் பேரே அதுனால வந்ததுதான். மலைத்தேனீக்கு வாசனை ஆவாது. நீ அக்குளுக்கு அடிக்கியே புஸ்ஸு புஸ்ஸுன்னு, அத அடிச்சுக்கிட்டு தேன்கூட்டுப் பக்கம் போனா வரவேற்பு பலமா இருக்கும். பொம்பளப்பிள்ளைய ஒருத்தியும் திரும்பிப் பாக்கலன்னு வருத்தப்படுவல்லா, அங்க ஆயிரக்கணக்குல திரும்பிப் பாக்கும். அத்தனையும் பொட்டைதான்.

குரங்கச் சொல்ல விட்டுட்டேனே. மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் இந்த மலையில குரங்கு குடும்பம் நடத்துறதப் பாத்துக் குறவஞ்சியில பாடி வச்சாரு. அதக் கேட்டு மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் நெலமே எழுதிக் குடுத்துட்டாரு. குறவஞ்சி மேடுன்னு அதுக்குப் பேரு. அந்தக் காலத்துக் குரங்கு கனி பறிச்சுக் குடுத்துச்சு, கவிராயருக்கு நெலம் கெடச்சுது. இந்தக் காலத்துக் குரங்கு ஒங்க கையில இருக்க சிப்ஸ் பொட்டலத்தப் பறிச்சுத் திங்கி, ஒங்களுக்கு லைக் கெடைக்கி. நம்ம ஊரு பிரியாணிய பொட்டலம் கட்டிக் காட்டுக்குள்ள கொண்டு போறேன்னு ஒன் சேக்காளி சொன்னானாமே? அந்த மூதிக்குச் சொல்லு, கரடிக்கு மூக்கு ரொம்ப நல்ல மூக்கு. பிரியாணிய ரயில்வே டேசன்லயே தின்னுட்டுப் போவச் சொல்லு. இலையையும் அங்கனயே போடச் சொல்லு, தொட்டியில.

அப்புறம் தண்ணி. இது ரொம்பப் பேருக்குப் புரியாத வெவகாரம். நீ நிக்க எடத்துல வெயிலு சுள்ளுன்னு அடிக்கும். மேல கண்ணுக்குத் தெரியாத எடத்துல மழை பெஞ்சிருக்கும். தெளிஞ்சு ஓடுன தண்ணி திடீர்னு செம்மண் கலரா மாறும், இலையும் சுள்ளியும் மெதந்து வரும், சத்தம் கனக்கும். அப்பம் போனை எடுக்காத, கால எடு. 2024 மே 17ந் தேதி பழைய குத்தாலத்துல அப்படித்தான் வந்து, பதினேழு வயசுப் பையன் ஒருத்தனக் கொண்டு போயிட்டு. 2015 மே மாசம் அமாவாசைக்குச் சதுரகிரி போனவங்களையும் ஓடத்தண்ணிதான் அடிச்சிட்டுப் போச்சு. சாமி கும்பிடப் போனவனுக்கே சலுகை கெடையாது. ஒனக்கு ஆப்புல தள்ளுபடி வரும், ஓடையில வராது. ‘இவ்ளோ தூரம் வந்துட்டோம், தாண்டிருவோம்’னு ஒருத்தன் எப்பவும் சொல்லுவான். அவன் பேச்சக் கேக்காத. அவன் ஊருக்குத் திரும்புனதும் இன்னொரு கூட்டத்தச் சேத்துக்கிட்டு வேற மலைக்குப் போவான். நீ எனக்கு ஒத்தப் பேரன்.

பாம்பு பத்திக் கவலப்படாதன்னு சொல்லலாம்னு பாத்தேன். நம்ம ஊரு பாம்புக்குச் சொந்தக்காரன் ஊரு. சிவன் பெருசா திருமால் பெருசான்னு சங்கனும் பதுமனும்னு ரெண்டு நாகராசா சண்டை போட்டு, ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சாமி சங்கரநாராயணனா நின்னு காட்டுன எடம். புத்துமண்ண நெத்தியில பூசி, வெள்ளியில பாம்பு செஞ்சு உண்டியல்ல போடுற சனம் நாம. இருந்தாலும், காட்டுப் பாம்புக்கு ஒன் ஆதார் கார்டு ஊரு தெரியாது. பாறைப் பொந்துல கைய வைக்காத, கட்டையத் தாண்டும்போது அந்தப் பக்கம் பாத்துக் கால வையி. ஈரக்காட்டுல அட்டை ஏறும். பிச்சு எறியாத. கொஞ்சம் உப்பு போட்டா தானா விழுந்துரும். அது குடிக்கிறது ஒரு சொட்டு, ஒங்க ஆபீஸ்காரன் குடிக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவல.

யானைப் பிண்டம் சூடா கெடந்தா, ‘தாத்தா, பாருங்க’ன்னு வீடியோ கால் போடாத. நான் பாத்திருக்கேன். பேசாம வழிகாட்டிப் பையன் மொகத்தப் பாரு. அவன் திரும்புனா நீயும் திரும்பு. அவனுக்கு முன்னாலயே திரும்புனாலும் தப்பில்ல. சிவகிரிப் பக்கம் தென்னந்தோப்பு, மாந்தோப்பு வச்சிருக்கவனக் கேளு, யானை ராத்திரி வந்து கணக்குப் பாத்துட்டுப் போனதச் சொல்லுவான். அந்தச் சம்சாரி கஷ்டத்த விடவா ஒன் ரீல்ஸ் பெருசு?

அந்த ஸ்பீக்கர மட்டும் இங்க வச்சிட்டுப் போ. குளூ குளூன்னு பாட்டப் போட்டு மலையேறுறவனப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். காட்டுக்குச் சத்தமே இல்லன்னு எவன் சொன்னான்? சோலைக்குள்ள கருமந்தி ஊம்னு கத்துனா ரொம்ப தூரத்துக்குக் கேக்கும். அதுக்கு மேல நீ பாட்டுப் போட்டா, அது நம்ம ஆளு பாடுறது சரியில்லன்னு நெனச்சு எறங்கிப் போயிரும். அருவியில சோப்பு, சாம்பு போடக்கூடாதுன்னு மதுரை ஐகோர்ட்டு சொல்லியிருக்கு, அதையும் பையிலருந்து எடுத்து வையி. ஒரு நாள் நொரை இல்லாம குளிச்சா ஒன் அழகு ஒண்ணும் கொறஞ்சிறாது, கொறையிறதுக்கு என்ன இருக்கு?

திரும்பி வரும்போது கடையநல்லூர் வழியா வா. புளியங்குடியில எறங்கி எலுமிச்சம்பழம் ஒரு கிலோ வாங்கிட்டு வா, ஒங்க ஆச்சி ஊறுகா போடணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா. விக்கிறவ வயசானவளா இருப்பா, என்ன வெல சொன்னாலும் குடு. பூட்ஸ் கடையில பில்லுப் போட்டவன் கிட்ட வாயத் தொறக்காதவன், அவகிட்ட அஞ்சு ரூவாக்கு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்காத. சரி, சரி, கெளம்பு. அந்தப் பக்கத் தெருவுல பஸ் நிக்கி, கண்டக்டர் விசில் குடுத்துட்டான். ஏலே, மூட்டைய நேரா தூக்குலே, பின்னால வாற ஆளு கண்ணக் குத்திராத!