சட்டசபைக்குப் போன செட்டியார்

கே: அந்தக் காலத்திலும் வியாபாரிகள் சட்டசபைக்குப் போய்ச் சொத்து சேர்த்தார்களா?
(ஒரு விவசாயி, வீரகேரளம்புதூர்)

ப: ஒருவர் தொலைத்திருக்கிறார்! சென்னை ஜவுளி வியாபாரி காஜுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868). வரி பாக்கிக்காக உங்களைப் போன்ற விவசாயிகளுக்குக் கிட்டி போட்டு விரலை நசுக்கிய காலம் அது. லண்டனிலிருந்து வந்த எம்.பி. டான்பி சீமோரை ஊர் ஊராக அழைத்துப் போய் அந்தக் கொடுமையைக் காட்டினார் செட்டியார். விசாரணைக் கமிஷன் வந்தது. சித்திரவதை நடந்தது உண்மைதான் என்று 1855-ல் ஒப்புக்கொண்டது. 1860-களில் அவரைச் சட்டசபைக்கு நியமித்தார்கள். தேர்தல் கிடையாது, ஆகவே ஓட்டுக்கு நோட்டு கொடுத்த செலவும் இல்லை. ஆனாலும் ஏழையாகத்தான் இறந்தார். 1844 முதல் ‘கிரசென்ட்’ என்று சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். எங்கள் பத்திரிகை முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், விளக்கமாகச் சொல்வார்!