உட்கார்ந்தால் காசு

மியூனிக்

அன்புள்ள அத்தை,

இங்கே நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். மாமாவோட முழங்கால் வலி தேவலையா? வெனிஸ் எப்படி இருந்துச்சுன்னு நீங்க போன்ல கேட்டப்போ, "நல்லா இருந்துச்சும்மா"ன்னு சொல்லிட்டு உங்க பிள்ளை பேச்சை மாத்திட்டார். அதனால மிச்சத்தை நான் எழுதறேன். போன்ல சொன்னா பக்கத்துல நின்னு ஒவ்வொரு வரியையும் மறுப்பார். கடிதத்துல அந்தத் தொல்லை கிடையாது.

போறதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு கோபம். பகல்ல வந்து சாயங்காலம் திரும்பறவங்களுக்கு வெனிஸ்ல 2024லேருந்து நுழைவுக் கட்டணம் வச்சிருக்காங்க. கூட்டம் அதிகமான சில நாள்ல மட்டும், ஆளுக்கு 5 யூரோ. கடைசி நேரத்துல பதிவு பண்ணினா 10. "ஊருக்குள்ள நுழையறதுக்கு டிக்கெட்டா? இது என்ன பொருட்காட்சியா?"ன்னு குதிச்சார். ராத்திரி தங்கறவங்களுக்கு அந்தக் கட்டணம் இல்லைன்னு தெரிஞ்சதும் அன்னிக்கே ரூம் போட்டாச்சு. 10 யூரோ மிச்சம்னு ரயில்ல ஆல்ப்ஸ் மலை தாண்டற வரைக்கும் விசிலடிச்சுட்டு வந்தார். ஹோட்டல்ல பெட்டியை இறக்கினதும், தங்கற ஒவ்வொரு ராத்திரிக்கும் தலைக்கு இவ்வளவுன்னு சுற்றுலா வரி கேட்டாங்க. விசில் நின்னுடுச்சு.

ஆனா அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய கதை. ஸ்டேஷன் வாசல் படியில இறங்கினா எதிர்ல கிராண்ட் கால்வாய். கார், ஆட்டோ, பஸ் எதுவும் உள்ளே வராது, படகுதான். படகு டிக்கெட் ஆளுக்கு 9.50 யூரோ. "நடக்கற தூரம்தான்"னு பெட்டியை இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். அந்த ஊர்ல 400க்கு மேல பாலம் இருக்கு அத்தை, அநேகமா எல்லாத்துக்கும் படிக்கட்டு. பெட்டிக்குச் சக்கரம் எதுக்குன்னு அன்னிக்கு எனக்குப் புரியவே இல்லை. அவர் அதைத் தலையில தூக்காத குறைதான்.

விலாசம் இன்னும் மோசம். ஊர் மொத்தம் ஆறு பகுதி. வீட்டு எண்ணைத் தெருவுக்குத் தெரு புதுசா ஆரம்பிக்க மாட்டாங்க; ஒரு பகுதி முழுக்க ஒரே வரிசை. எங்க ஹோட்டல் இருந்த காஸ்டெல்லோ பகுதியில அது 6000த்தைத் தாண்டிப் போகுது. ஒரு வீட்டுக்கு அடுத்த எண்ணைத் தேடினா அது வேற சந்துல, வேற முகத்தோட நிக்குது. கடைசியில "வந்து சேர்ந்துவிட்டீர்கள்"னு போன் சொல்லிடுச்சு. நிஜம்தான், ஹோட்டல் நேர் எதிர்ல இருந்துச்சு, பெயர்ப் பலகைகூடத் தெரிஞ்சுது. நடுவுல ஒரு கால்வாய் இருந்துச்சு. மாடியில துணி உலர்த்திட்டிருந்த அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்துட்டு, இதுக்காகவே பிறந்தவ மாதிரி, வந்த வழியே திரும்பச் சொல்லிக் கையை ஆட்டினா.

மறுநாள்தான் ஊரோட ரகசியம் விளங்குச்சு. வெனிஸ்ல நிக்கிறவனுக்கு ஒரு விலை, உட்கார்றவனுக்கு வேற விலை. கவுண்டர்ல நின்னுகிட்டே காபி குடிச்சா ஒன்றரை யூரோ பக்கத்துல முடிஞ்சிடும். அதே காபியை மாற்கு சதுக்கத்துல நாற்காலி போட்டுக் குடிச்சா அது பல மடங்கு. இது தெரியாம ஒரு கடையில போய் உட்கார்ந்தோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பரிசாரகர், வெள்ளித் தட்டு, மேடையில பியானோ, வயலின். உங்க பிள்ளைக்குத்தான் தெரியுமே, டிசம்பர் சீசன்ல சபா சபாவா ஏறி இலவச மத்தியானக் கச்சேரி கேட்டு வளர்ந்த உடம்பு. தொடையில தாளம் போட்டார். "ஆஹா"ன்னார். முடிஞ்சதும் இன்னொண்ணு வாசிக்கச் சொல்லிக் கையைத் தூக்கி ஆட்டினார். பில் வந்துச்சு. காபிக்குக் கீழே சங்கீதத்துக்குத் தனி வரி, ஆளுக்கு இவ்வளவுன்னு. ரெண்டாவது பாட்டையும் சேர்த்தா போட்டிருக்காங்கன்னு ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். இல்லையாம், எத்தனை பாட்டு கேட்டாலும் அதே தொகைதானாம். "முதல்லயே சொல்லியிருந்தா ராத்திரி வரைக்கும் இருந்திருக்கலாமே"ன்னார்.

இனிமே நாற்காலியே வேண்டாம்னு சதுக்கத்து ஓரப் படியில உட்கார்ந்து, நான் கொண்டுபோன சப்பாத்தியைப் பிரிச்சோம். நீங்க அனுப்பின தக்காளித் தொக்கு தடவிச் சுருட்டினது. அவர் ஒண்ணை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோனார், எங்கேயோ இருந்து ஒரு கடற்காகம் வந்து அப்படியே பிடுங்கிட்டுப் போயிடுச்சு. வாத்தைவிடப் பெரிசு அத்தை! பக்கத்துக் கூரையில உட்கார்ந்து முழுசையும் தின்னுச்சு. உங்க தொக்குக்கு இத்தாலியில கிடைச்ச முதல் பாராட்டு. அந்த நேரம் பார்த்துச் சீருடை போட்ட ஒரு பொண்ணு வந்தா. புறாவுக்குத் தீனி போட அங்கே 2008லேருந்து தடை. "நாங்க போடலை, அதுவா எடுத்துகிட்டது"ன்னு இவர் கூரையைக் காட்டி வாதாடினார். அவ பேச வந்தது அதைப் பத்தியே இல்லை. படியில உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம், 100 யூரோவிலிருந்து 200 யூரோ வரைக்கும் அபராதமாம். இவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டுட்டா. மிச்சச் சப்பாத்தியை நடந்துகிட்டே சாப்பிட்டோம்.

அப்புறம் மாற்கு தேவாலயம். அந்தக் கோயில் பிறந்ததே திருட்டுல. 828ல வெனிஸ் வியாபாரிங்க அலெக்சாந்திரியாவிலேருந்து புனித மாற்குவோட உடலைக் கூடையில வச்சு, மேல பன்றி இறைச்சியைப் போட்டு மூடிக் கடத்திட்டு வந்தாங்கன்னு அவங்களே பெருமையாச் சொல்றாங்க. முஸ்லிம் சுங்கக்காரங்க இறைச்சியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களாம். அதைக் கோயில் முகப்புலயே மொசைக் படமா வேற போட்டிருக்காங்க. வாசல் மேல நிக்கிற நாலு குதிரைச் சிலையோட அசல் உள்ளே இருக்கு, அதுவும் 1204ல கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடிச்சப்போ கொண்டு வந்தது. 1797ல நெப்போலியன் அதைப் பாரிசுக்குத் தூக்கிட்டுப் போனார், 1815ல திரும்பி வந்துச்சு. இப்படி ஒரு வாசல்ல, முழங்கால் தெரியுதுன்னு உங்க பிள்ளையைத் தடுத்து நிறுத்திட்டாங்க. அரைக்கால் சட்டை வேண்டாம்னு நான் காலையில சொன்னது உங்க காதுல விழணும். பக்கத்துல துண்டு விக்கிறவன் ஓடி வந்தான். அவன் சொன்ன விலையைக் கேட்டதும், "உன் துப்பட்டாவைக் குடு"ன்னு வாங்கி, பச்சையில ஜரிகை போட்டது அத்தை, வேட்டியா நறுக்குன்னு கட்டிக்கிட்டார். காவலாளி மேலயும் கீழயும் பார்த்துட்டு வழிவிட்டான். ஜப்பான்காரங்க ரெண்டு பேர் இவரைத் தனியா நிக்க வச்சுப் படம் எடுத்தாங்க. தங்க மொசைக் கூரையைப் பார்த்தேனா, அவிழாம இருக்கான்னு இடுப்பைப் பார்த்தேனான்னு எனக்கே ஞாபகமில்லை.

கால் விட்டுப் போனதால சாயங்காலம் ஒருவழியா படகு டிக்கெட் எடுத்தார். ஒண்ணாம் நம்பர் படகு கிராண்ட் கால்வாய்ல ஒவ்வொரு துறையா நின்னு நின்னு போகும். டிக்கெட் 75 நிமிஷம் செல்லும். உட்கார இடம் கிடைச்சுது, அதுக்குத் தனிக் காசும் கேக்கலை! அந்த ஆனந்தத்துல எங்க துறை வந்தும் எழுந்திருக்க மனசில்லை. "இன்னும் நேரம் பாக்கி இருக்கு, வீணாக்கக் கூடாது"ன்னார். படகு ஊரை விட்டுக் கடலோரத் தீவுக்கே போயிடுச்சு. லீடோ. 1932லேருந்து திரைப்பட விழா நடக்கிற இடம். இறங்கினா ரோட்டுல கார் ஓடுது, பஸ் நிக்குது. எனக்கு அழுகையே வந்துடும்போல இருந்துச்சு. அதுக்குள்ள 75 நிமிஷம் முடிஞ்சிருந்துச்சு. திரும்பி வர மறுபடியும் ஆளுக்கு 9.50.

கடைசி நாள் கோண்டோலா. பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, அரசாங்கமே வச்ச விலை. அஞ்சு பேர் வரைக்கும் உட்காரலாம்னு தெரிஞ்சதும், இன்னும் மூணு பேரைப் பிடிக்கத் துறையில நின்னு ஆள் சேர்த்துப் பார்த்தார். தேனிலவுக்கு வந்த ஜோடிகிட்ட எல்லாம் போய்க் கேட்டார். யாரும் மசியலை. படகுக்காரர்கிட்ட பேரம் பேசினார். அவர் ஒரு யூரோ குறைக்கலை, ஆனா நல்ல மனுஷர், படகைப் பத்தி எல்லாத்தையும் சொன்னார். எட்டு வகை மரத்துல செய்யறதாம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாம், ஒரே ஆள் ஒரு பக்கமாத் துடுப்புப் போட்டாலும் நேராப் போகணும்னு. சவாரி நேரம் அளவுக்குப் பேச்சைக் கேட்டுட்டு, நன்றி சொல்லிட்டு வந்துட்டோம்.

அப்பதான் உள்ளூர்க்காரங்க கால்வாயைக் கடக்கிற வழி கண்ணுல பட்டுச்சு. அதுவும் கோண்டோலாதான், கொஞ்சம் பெரிசு, ரெண்டு பேர் துடுப்புப் போடுவாங்க. வெளியூர்க்காரங்களுக்கு 2 யூரோ. மீன் மார்க்கெட் பக்கத்துலேருந்து அக்கரைக்கு சில நிமிஷம்தான். நின்னுகிட்டே போறது அந்த ஊர் வழக்கம். நின்னோம். ஆடுச்சு. நான் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன், அவர் போனைப் பிடிச்சுக்கிட்டார். அப்ப எடுத்ததுதான் குடும்பக் குரூப்புக்கு வந்த படம். "கோண்டோலாவில்"னு எழுதியிருந்தார், பொய்னு சொல்ல முடியாது. நீங்க அதைக் கபாலீஸ்வரர் கோயில்ல தெரிஞ்சவங்களுக்கெல்லாம் காட்டினதா உங்க பொண்ணு சொன்னா.

படத்துல இவர் தோளுக்குப் பின்னாடி நிக்கிற பாட்டி யாருன்னு கேட்டிருந்தீங்க. மார்க்கெட்டுலேருந்து வீட்டுக்குப் போறவங்க. அவங்க கையில இருக்கிறது பூங்கொத்துன்னு எதிர்வீட்டுல சொல்லிட்டீங்களாமே, அது மீன் அத்தை.

மாமாவுக்கு என் வணக்கம். தொக்கு இன்னொரு பாட்டில் வேணும்.

உங்கள் மருமகள்