ரேடியோ மண்டையும் டிவி மண்டையும்

மனித சாதி இரண்டுதான், கொடுக்கிறவர், கொடுக்காதவர் என்று கணக்கை முடித்துவிட்டுப் போனார் ஔவையார். இன்னும் கொஞ்சம் விசாரித்திருந்தால் வேறொரு பிரிவும் அவர் கண்ணில் பட்டிருக்கும்: மண்டைக்குள் டிவி ஓடுகிறவர்கள், ரேடியோ மட்டும் ஓடுகிறவர்கள். நான் ரேடியோ. என் மனைவி டிவி. பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் இந்தப் பதினோராவதைப் பார்க்காமல் தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணை மூடி யானையை நினை என்றால் எனக்கு இருட்டுதான். யானையைப் பற்றிய தகவல்கள் வரிசையாக வரும், யானை வராது. ‘மனக்கண்ணில் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னால், ‘வயிறு எரிகிறது’ மாதிரி அதுவும் ஒரு பேச்சு என்றே நினைத்திருந்தேன். வயிறு எரிகிறவன் வீட்டுக்கு யாரும் தீயணைப்பு வண்டி அனுப்புவதில்லையே.

இப்படி நினைத்ததில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. 1880இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் பலரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: காலையில் சாப்பிட உட்கார்ந்த மேஜையை மனதுக்குள் கொண்டுவாருங்கள், படம் மங்கலா, பளிச்சா, நிறம் தெரிகிறதா? முதலில் கேட்டது விஞ்ஞானிகளை. அவர்களில் பெரும்பாலோர், மனதுக்குள் படமாவது தெரிவதாவது என்று அவரையே சந்தேகமாகப் பார்த்தார்களாம். அப்புறம் வெளியே விசாரித்தால், பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ‘தெரிகிறதே, கலரிலேயே தெரிகிறதே’ என்றிருக்கிறார்கள்.

அந்தப் பரீட்சையை வீட்டிலும் நடத்தினேன். இரவு, விளக்கை அணைத்த பிறகு.

“காலைல டிபன் சாப்பிட்டோமே, அது இப்ப உனக்குத் தெரியுதா?”

“தெரியுதே. உங்க தட்டுல சட்னி ஓடிப்போய் சாம்பார்ல கலந்து ஓரமா ஒரு ஆரஞ்சுக் கோடு. பேப்பர் முனை சாம்பார்ல நனையுது. நீங்க கவனிக்கல.”

“காலைலயே சொல்லக்கூடாதா?”

“நானே இப்பத்தானே பாக்குறேன்.”

அதே காலை என் மண்டையில் பதிவாகியிருந்தது இப்படி: ‘இட்லி. சாம்பார். சட்னியில் உப்பு கம்மி. சொல்ல வேண்டாம்.’

இந்தப் படமில்லாத நிலைமைக்கு உலகம் பெயர் வைக்க 2015 ஆகிவிட்டது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிபுணர் ஆடம் ஸீமனும் சகாக்களும் ‘அஃபேன்டேசியா’ என்று வைத்தார்கள். அதற்குச் சில வருடம் முன்பு ஸீமனிடம் ஓய்வுபெற்ற அளவையாளர் ஒருவர் வந்திருந்தார். இதயத்துக்குச் சிகிச்சை எடுத்த பிறகு, அதுவரை மனதில் ஓடிய படமெல்லாம் பட்டென்று நின்றுவிட்டது. ஆனால் புல் பச்சையா, பைன் மரப் பச்சையா, எது வெளிர் என்று கேட்டால் சரியாகச் சொன்னார். விஷயம் பத்திரிகையில் வந்ததும், “இதில் என்ன அதிசயம், நாங்கள் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்” என்று ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். அப்படி வந்த 21 பேரை வைத்துத்தான் பெயர் சூட்டு விழா.

எங்கள் சங்கத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் உறுப்பினர். டிஸ்னியின் கடல்கன்னி ஏரியலை வரைந்த க்ளென் கீனும் உறுப்பினர். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “அவங்க வரையவாவது செய்யுறாங்க” என்றாள்.

சும்மா சாக்குச் சொல்கிறோம் என்று நினைப்பவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் சோதனையும் செய்துவிட்டார்கள். சாதாரண ஆட்கள் வெளிச்சமான பொருளை வெறுமனே நினைத்தாலே கண்ணின் பாவை சுருங்குகிறது. எங்கள் ஆட்களுக்கு நிஜ வெளிச்சத்துக்கு ஒழுங்காகச் சுருங்கியது. நினைத்த வெளிச்சத்துக்கு அசைந்து கொடுக்கவில்லை.

ரேடியோவுக்கு வருவோம். எனக்குள் ஒரு குரல் காலை எழுந்ததிலிருந்து ஓய்வதில்லை. மேனேஜரிடம் லீவு கேட்கப் போகும்போது, அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன், அதற்கு அவர் எப்படி மடக்குவார் என்று இரண்டு பக்க வசனத்தையும் அதுவே பேசிப் பார்க்கும். அவரோ தலையை நிமிர்த்தாமல் “சரி, போங்க” என்று விடுவார். அவ்வளவு வாதத்தையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு திரும்புகிறவனின் ஏமாற்றம், லீவு கிடைக்காதவனுக்குக்கூட இருக்காது.

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1934இல் வெளிவந்த புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். குழந்தை முதலில் தனக்குத்தானே வாய்விட்டுப் பேசிக்கொண்டு வேலை செய்கிறது. வளர வளர அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிடுகிறது. மாடி வீட்டுக் குட்டிப்பெண் கட்டை அடுக்கும்போது “பெரிசு கீழ… சின்னது மேல… ஐயோ, விழும்” என்று சொல்லிக்கொண்டே அடுக்குகிறாள். எனக்குள் ஓடுவதும் அதுதான்: கேஸ் ஆஃப் பண்ணியாச்சா, பூட்டை இழுத்துப் பார்த்தாச்சா, சாவி எங்கே. சினிமாவில் மனசாட்சி கண்ணாடியிலிருந்து இறங்கி வந்து தர்மம் பேசும். எனக்கு வாய்த்தது வாட்ச்மேன் வேலைக்கு மேல் போகவில்லை.

இந்தக் குரலாவது ஊருக்கெல்லாம் பொது என்று நம்பி மனைவியிடம் கேட்டேன்.

“உனக்குள்ள நீ பேசிக்கவே மாட்டியா?”

“எதுக்கு? இந்த வீட்டுல கேக்கறதுக்கும் ஒரு ஆள் வேணாமா?”

அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளாக ஆட்களிடம் ஒரு பீப்பரைக் கொடுத்து அனுப்புகிறார். அது நினைத்த நேரத்தில் கத்தும். கத்துவதற்குச் சற்று முன் மண்டைக்குள் என்ன இருந்தது என்று எழுதிவைக்க வேண்டும். நான் வார்த்தையில்தான் யோசிக்கிறேன் என்று சத்தியம் செய்தவர்களின் குறிப்பில் வார்த்தையையே காணோமாம். சிலருக்குப் பேச்சும் இல்லை, படமும் இல்லை; எண்ணம் மட்டும் தனியாக நிற்கிறது. அடுத்தவன் மண்டை இருக்கட்டும், நம் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதே நமக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்த லட்சணத்தில்தான் “உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்று சண்டை போடுகிறோம்.

டிவி இல்லாததில் லாபமும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 2022இல் திரைக்கு வந்தபோது, 1950களில் கல்கியில் மணியம் வரைந்த முகங்களோடு வளர்ந்த குடும்பங்களில் பெரிய துக்கம். “இது என் குந்தவை இல்லை” என்று மனைவியும் இடைவேளை வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு எந்தக் குந்தவையும் சம்மதம். நிம்மதியாகப் பாப்கார்ன் தின்றேன்.

டிவி சாதியின் தலைவர் என்றால் திருநின்றவூர் பூசலார்தான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. பணம் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனதிலேயே ஆள் அமர்த்தி, நாள் பார்த்து, ராத்திரி தூங்காமல் கட்டினார் என்கிறது பெரியபுராணம். விமானத்தோடு நிறுத்தவில்லை, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் சுற்றி, குளமும் எடுத்தார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, “நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை” என்று சொல்லிவிட்டார். என்னைப் போன்ற ஆள் அந்த ஊரில் இருந்திருந்தால், ரசீது எங்கே என்று கேட்டிருப்பேன்.

இதை லேசாகச் சொல்லவில்லை. புது ஃபிளாட்டுக்கு மரவேலை பேச ஆசாரி வந்திருந்தார். வெறும் ஹால், நாலு சுவர், தரையில் சிமென்ட் தூசி. அவர் காற்றில் கையை வீசி, “இங்க ஷெல்ஃப் வருதுங்கம்மா, மேல லாஃப்ட்டு” என்றார். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்து, “இந்தக் கலர் டல்லடிக்குதே” என்றாள். “ஆமாங்கம்மா, டல்லாத்தான் இருக்கு” என்று ஆசாரியும் ஒத்துக்கொண்டார். இல்லாத கதவை இருவரும் திறந்து மூடிப் பார்த்தார்கள். எவ்வளவு ஆகும் என்று நான் மட்டும் கேட்டேன், யாரும் திரும்பவில்லை. சரி, பால்கனியிலாவது நிற்போம் என்று ஹாலின் குறுக்கே நடந்தேன்.

“என்னங்க, பாத்து! ஷெல்ஃப் மேல மோதிக்கப் போறீங்க” என்றாள் மனைவி.

ஆசாரி அவசரமாக ஓடிவந்து கதவைச் சாத்தினார்.