மணியீற்றுப் புணரியல்

எனக்குத் தெரிந்து வடக்கனந்தலில் கண்ணாடி மணி செய்வோர் ஒருவரும் இல்லை. எனவே மறுப்பார் இல்லாத இந்த ஊரில் உட்கார்ந்து அதற்கு இலக்கணம் எழுதத் துணிந்தேன். கல்வராயன் மலையில் பிறந்து வரும் ஆற்றுக்கே மணிமுக்தா என்று பெயர். வேறென்ன உரிமை வேண்டும்?

மணி இரு திணைத்து: இழுத்தது, சுற்றியது. கண்ணாடிக் குழம்பை நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, முனை மழுக்கினால் இழுமணி. 1945இல் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகள் பெரும்பாலும் இந்தத் திணை. சுற்றுமணி வேறு. கண்ணாடிக் குச்சியைச் சுடரில் காட்டி, உருகும் நுனியைக் களிமண் பூசிய கம்பியில் சுற்றி எடுப்பது. வாரணாசிக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். இந்நூல் சுற்றுமணிக்கே உரியது.

கம்பியில் முன்பே இருப்பது நிலைக்கண்ணாடி (முகம் பார்ப்பவர்கள் பொறுத்தருள்க). அதன்மேல் வந்து ஒட்டுவது வருகண்ணாடி. இவ்விரண்டும் புணரும் முறையை நன்னூலில் பவணந்தியார் அன்றே சொல்லிவிட்டார். எழுத்து என்ற இடத்தில் கண்ணாடி என்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நீலத்தின்மேல் வெள்ளைப் பொட்டு வைத்தால் நீலம் நீலமாக, வெள்ளை வெள்ளையாக நிற்கும். இது இயல்பு. உரை வேண்டா.

தந்த நிறத்தின்மேல் மயில்நீலத்தை வையுங்கள். இரண்டிலும் கருமை இல்லை. ஆனால் எல்லையில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு எழும். இது தோன்றல். தந்த நிறக் கண்ணாடியில் கந்தகம், மயில்நீலத்தில் செம்பு. சூட்டில் இரண்டும் கூடிச் செம்புச் சல்பைடு பிறக்கிறது. வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தின் கைவரிசைதான். பையன்கள் கட்டுரையில் வேண்டாத இடத்தில் ஒற்று மிகுந்தால் மதிப்பெண் குறைத்தே பழகியவன் நான். இங்கே மிகுந்தால் விலை கூடுகிறது.

திரிதல்தான் பெரும் இயல். செம்பையே பாருங்கள். காற்று தாராளமாகக் கிடைக்கும் சுடரில் கண்ணாடிக்கு நீலப்பச்சை தரும். காற்றுக் குறைந்த புகைச்சுடரில் அதே செம்பு சிவப்பாகிவிடும். அரிக்கமேட்டின் செங்கல் நிற மணிகளுக்கும் சிவப்பு கொடுத்தது செம்புதான். வெள்ளி கலந்த கண்ணாடியை அந்தப் புகைச்சுடரில் காட்டினால் உள்ளிருக்கும் வெள்ளி மேற்பரப்பில் படிந்து உலோகமாக மினுக்கும். இன்னொரு சாதி உண்டு: காட்மியமும் செலீனியமும் சேர்ந்த சிவப்பு. உருகும்போது மஞ்சளாகச் சாதுவாக இருக்கும். சற்று ஆறவிட்டு மறுபடி சூடேற்றினால்தான் சிவக்கும். மனிதரிலும் இந்தச் சாதி உண்டு. எங்கள் தெருவிலேயே உண்டு. எடுத்துக்காட்டுத் தருவதற்கில்லை.

கடைசி, கெடுதல். இரண்டு கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரியாவிட்டாலும், செய்த மணியைச் சூளையில் மெல்ல ஆறவிடாவிட்டாலும் விரிசல் விடும். சில சமயம் உடனே விடாது. வீடு வந்து சேர்ந்து, நாலு பேர் பாராட்டி முடித்த பிறகு விடும். நன்னூலில் ஓரெழுத்துக் கெடும். இங்கே மணியே கெடும்.

இவ்வளவையும் எழுதி முடித்த தெம்பில், திருவிழாக் கடையில் பாசிமணி விற்ற அம்மாவிடம் ஒரு சரத்தைக் காட்டி, "இது எந்த வகையம்மா?" என்றேன்.

"ரெண்டே வகைதான் ஐயா. எடுத்துப் பாத்துட்டு வாங்குறது, எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போறது."

வாங்கினேன். சரத்தில் பதினெட்டு மணி. பதினாறு இயல்பு, ஒன்று தோன்றல். மிச்சம் ஒன்று மறுநாள் காலை மேசைமேல் இரண்டாகக் கிடந்தது.