எரிச்சாச்சு சார்!

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போது அவர் கடலைப் பார்ப்பதில்லை. இடது மணிக்கட்டைத்தான் பார்ப்பார். வாட்ச் 612 கலோரி என்கிறது. முகம் மலர்கிறது. அடுத்த கால் மணி நேரத்தில் ஓட்டல் மேஜையில் இருப்பார்.

"தம்பி, ஒரு நெய்ப் பொங்கல், வடை. பின்னாலயே ஒரு மசால் தோசை. காபி ஸ்ட்ராங்கா, சர்க்கரை இல்லாம."

சர்க்கரை இல்லாம என்பது மட்டும் பக்கத்து மேஜைக்கும் கேட்கும். அதுதான் டயட். மற்றதையெல்லாம் எரித்தாகிவிட்டது.

கணக்கில் கொஞ்சம் இடிக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். இவர் எடை 82. ஐந்து கிலோமீட்டருக்கு 410தான் வரும். பொங்கல், வடை, தோசை மூன்றுமாகச் சேர்ந்தால், நெய் ஊற்றுபவர் கை எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும், 800க்குக் குறையாது. 2017இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவை, கலோரியில் கோட்டைவிட்டன. இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "இருபத்தெட்டாயிரம் குடுத்து வாங்கியிருக்கேன். பொய் சொல்லுமா?"

இந்த வரவு செலவுப் புத்தகத்தை அவர் நடத்தும் அழகே தனி. வரவெல்லாம் வாட்ச் சொன்னபடி, ஒரு கலோரி விடாமல் ஏறும். செலவு மட்டும் குத்துமதிப்பு. தேங்காய்ச் சட்னி கணக்கில் வராது, அது தொட்டுக்கொள்வதுதானே. நின்றுகொண்டு வாயில் போட்ட பக்கோடா வராது. மனைவி தட்டிலிருந்து எடுத்தது மனைவி கணக்கு. லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறினால் முறுக்கு ஒன்று வரவு. சனிக்கிழமை ஜிம்மில் பர்ப்பி எடுத்தால் ஞாயிறு பிரியாணி செல்லும். சனிக்கிழமை போக முடியவில்லையா? திங்கட்கிழமைதான் லெக் டே இருக்கிறதே, அதற்கு அட்வான்ஸ்.

புத்தகம் எங்கேயாவது உதைத்தால் கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருக்கிறார். "ஆஃப்டர் பர்ன் சார்! நாம தூங்கும்போதுகூட உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும்." பொய்யில்லை. கடுமையாக உடற்பயிற்சி செய்தபின் உடல் சற்று நேரம் கூடுதலாகச் செலவழிப்பது உண்மைதான். அந்தக் கூடுதல், பயிற்சியில் செலவானதில் 15 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அதாவது 410க்கு அறுபது சொச்சம். அரை வடை.

ஒருமுறை ஜிம் மாஸ்டர் அவருக்கு டான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றிச் சொன்னார். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். நடை, நடை, ஓயாத நடை. ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழு அவர்களின் அன்றாடக் கலோரிச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கரின் செலவுக்கும் அவர்கள் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததை உடல் வேறு பக்கம் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டிவிடுகிறது என்பது பான்ட்ஸரின் வாதம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்க வாட்ச் கட்டியிருந்தாங்களா?"

மற்றபடி கிரீன் டீ உண்டு, ஃபிரிட்ஜ் மேல் புரோட்டீன் டப்பா உண்டு, ஒரு மாதம் பேலியோவும் உண்டு. அதெல்லாம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். கல்யாணப் பந்தியில் சிரிக்க முடிவதில்லை. எதிரே உட்கார்ந்த கல்லூரிப் பெண் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினால், "இது ஐம்பது நிமிஷ நடைம்மா" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தப் பெண்ணின் கை பின்வாங்கும். சாப்பிட உட்கார்ந்த பிள்ளையின் இலையை எட்டிப் பார்த்துக் கணக்குச் சொல்ல இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தன் சட்னியைக்கூட எழுதாத மனிதர். யாராவது ஒருவர் எழுந்து, "நீங்க பேசாம சாப்பிடுங்க சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் யாரும் சொல்வதில்லை, வயதுக்கு மரியாதை.

ஆனாலும் மழை பெய்தாலும் ஓடப் போகிறாரே, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்பு மூன்றாவது மாடி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். இப்போது பேசிக்கொண்டே ஏறுகிறார். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று டாக்டரே மெச்சினார். பேண்ட் இடுப்பளவு மட்டும் அப்படியே. மாஸ்டர் சொன்ன வழி சின்னது: சோற்றில் ஒரு கரண்டி குறைங்க, முட்டையும் சுண்டலும் கூட்டுங்க, எடை இறங்கும்போது தசை கரையாமல் இருக்க அது வேண்டும். அவர் பாதியைக் கேட்டுக்கொண்டார். முட்டையும் சுண்டலும் கூடிவிட்டன.

இப்போது ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். முழுசாக 42.195 கிலோமீட்டர். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. இவர் எடைக்கு மாரத்தான் முழுவதும் ஓடினாலும் 3,500ஐ ஒட்டித்தான் செலவாகும். அரை கிலோகூட இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, ஏனென்றால் கார்போ லோடிங் என்று ஒன்றைப் படித்துவிட்டார். தசையில் கிளைகோஜன் சேரட்டும் என்று நெடுந்தூர ஓட்டக்காரர்கள் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு சோறு, ரொட்டி வகையைக் கூட்டிச் சாப்பிடுவார்கள்.

இவர் தீபாவளி லட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.